ஃபிளாட் வீட்டுக்கு ஏற்ற பூனையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பூனை வளர்க்கலாம் என்று நினைக்கும் பலரும் முதலில் கேட்பது, “எந்த ஜாதி நல்லது?” என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 வருடம் வரை, சில சமயம் அதற்கு மேலும் வாழும். அதில் குட்டியாக இருப்பது சில மாதங்கள்தான். மிச்ச வருடமெல்லாம் நம்மோடு இருக்கப்போவது வளர்ந்த பூனை. அதன் சுபாவமும் நம் வீட்டின் நடைமுறையும் ஒத்துப்போகுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீடு சென்னையில், இரண்டாவது மாடி. மாமியார், பள்ளிக்குப் போகும் மகள், பகலில் வேலைக்குப் போகும் நாங்கள் இருவர். ஒரு வயது தாண்டிய நாட்டுப் பூனையைத் தத்தெடுத்திருக்கிறோம். பெயர் மிளகு. அதைத் தேடிய காலத்தில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பூனைக்கு முன்னால் வீடு

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லோரிடமும் பேசுங்கள். பெரியவர்களுக்குச் சகுனம் பற்றிய தயக்கம் இருக்கலாம். அதை ஒதுக்கித் தள்ளாமல் உட்கார்ந்து பேசுவது நல்லது. பகல் முழுவதும் பூனையோடு இருக்கப்போவது அவர்கள்தான்.

அடுத்தது அலர்ஜி. தும்மலும் வீசிங்கும் பூனை முடியால் வருவதாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம்தான் முக்கியக் காரணம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது உடம்பெல்லாம் பரவுகிறது. அதனால் “முடி கொட்டாத ஜாதி, அலர்ஜியே வராது” என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். பூனை இருக்கும் நண்பர் வீட்டில் ஒரு மணி நேரம் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு தடவை போதாது, சில தடவை போங்கள். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பால்கனிக்கு வலை கட்டாயம். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்தும் பிறாண்டியும் ஓட்டை போட்டுவிடும். என் தேர்வு வெல்ட் மெஷ் கம்பி வலை. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் உயிர் காக்கும். ஜன்னல் கிரில்லையும் பாருங்கள். குட்டியின் தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடம்பும் நுழைந்துவிடும். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்பதை நம்பி இருக்காதீர்கள். மாடியிலிருந்து விழுந்து தாடையும் காலும் உடைந்து வரும் பூனைகளைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

படி 2: வயது

எட்டு வாரம் ஆகாத குட்டியை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும் இருந்துதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக்கூட அது கற்கிறது. “ரெண்டு மாசம் ஆச்சு” என்று சொல்லும்போது கண்ணைப் பாருங்கள். பிறந்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் கண் நீலமாக இருக்கும். ஆறு, ஏழு வாரத்தில்தான் மஞ்சளோ பச்சையோ தெரிய ஆரம்பிக்கும். வெள்ளை அல்லாத நாட்டுக் குட்டிக்கு முழு நீலக் கண் இருந்தால் அதற்கு அநேகமாக இன்னும் எட்டு வாரம் ஆகவில்லை.

காலையில் போய் இரவு வருபவர்கள் ஒற்றைக் குட்டியை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தனிமையில் அது திரையைக் கிழிக்கும், இரவெல்லாம் உங்கள் காலைக் கடிக்கும். குட்டிதான் வேண்டுமென்றால் கூடப் பிறந்த இரண்டை எடுங்கள். இல்லையென்றால் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் உள்ள, கருத்தடை முடிந்த பூனை மிகப் பொருத்தம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஐந்து வயது தாண்டியதை எடுக்கலாம். காலுக்குள் ஓடித் தடுக்கிவிடும் பயம் குறைவு.

ஆணா பெண்ணா என்பது கருத்தடைக்குப் பிறகு பெரிய விஷயமில்லை. கருத்தடை செய்யாத கடுவன் சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சும். பெட்டை நாலைந்து மாதத்திலேயே சூட்டுக்கு வந்து இரவு முழுக்கக் கத்தலாம், சினையாகவும் ஆகலாம்.

படி 3: ஜாதி

நம் ஊர் வெயிலுக்கு நாட்டுப் பூனைதான். பெர்ஷியன் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டை மூக்கால் அதற்கு மூச்சுவிடவும் உடம்புச் சூட்டைத் தணிக்கவும் கஷ்டம். கண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். தினமும் சீவாவிட்டால் முடி சடையாகித் தோலை இழுக்கும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோயும் அந்த இனத்தில் அதிகம். ஏற்கெனவே கைவிடப்பட்ட பெர்ஷியன் ஒன்றுக்கு வீடு தருகிறீர்கள், சீவுவதற்கு ஆளும் மே மாதத்துக்கு ஏ.சி.யும் இருக்கிறது என்றால் தாராளமாக எடுங்கள். புதிதாகக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

வெள்ளை நிறத்தில் நீலக் கண் உள்ள பூனைகளில் பிறவியிலேயே காது கேட்காதவை கணிசம். அது ஒரு குறையே இல்லை, வீட்டுக்குள் அருமையாக வாழும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

படி 4: சுபாவம்

நான் வெகுநாள் குழம்பி நின்றது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தத்துக் கொடுக்கும் முகாமில் கூண்டு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூனையைக் காட்டி “ரொம்ப சாது” என்பார்கள். பயத்தில் உறைந்த பூனையும் அப்படித்தான் உட்காரும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். உறைந்த பூனையின் கண்மணி வெளிச்சத்திலும் அகலமாக விரிந்திருக்கும். காது பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், வால் உடம்போடு இறுக ஒட்டியிருக்கும், நாலு பாதமும் ஓடத் தயாராகத் தரையில் ஊன்றியிருக்கும். நிம்மதியாக இருக்கும் பூனை பாதத்தை மடித்து வைக்கும், ஒருக்களித்துப் படுக்கும், உங்களைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறக்கும்.

முகாமில் நாங்கள் பார்த்த மஞ்சள் பூனை சிலை போல இருந்தது, மிளகு சீறியது. எங்களுக்கு மஞ்சள்தான் என்று நினைத்தோம். அவற்றைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்காதான், “சாயங்காலம் சாப்பாடு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து பாருங்க” என்றார். அங்கே மஞ்சள் பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. சிறு குழந்தை இல்லாத, அமைதியான வீடுதான் அதற்குச் சரி. மிளகோ மிக்ஸி ஓடும் சமையலறையில் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே பூனையை அது வாழும் இடத்தில் பாருங்கள், முடிந்தால் இரண்டு முறை. போனதும் செய்ய வேண்டியது இது. தரையில் உட்காருங்கள், நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். அது உங்களை வட்டமடிக்கும் வரை காத்திருங்கள். பிறகு ஒரு விரலை அதன் மூக்கு உயரத்துக்கு நீட்டுங்கள். மோந்து பார்த்துக் கன்னத்தைத் தேய்த்தால் நல்ல அறிகுறி. கன்னத்திலும் தாடையிலும் இரண்டு மூன்று தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். “இன்னும்” என்று தலையால் முட்டுகிறதா, விலகிப் போகிறதா, வால் சுண்டுகிறதா என்று கவனியுங்கள். வால் சுண்டினால் அதற்குப் போதும் என்று அர்த்தம்.

அடுத்தது சத்தம். நம் வீடுகளில் குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. அடுத்த அறையில் ஒரு ஸ்பூனைக் கீழே போடச் சொல்லுங்கள். பூனை திடுக்கிடுவது இயல்புதான். நீங்கள் பார்க்க வேண்டியது அது எவ்வளவு நேரத்தில் திரும்ப வருகிறது என்பதை. ஒன்றிரண்டு நிமிடத்தில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தால் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத் தாங்கும். தூக்கிப் பார்ப்பது கடைசியில், சில நொடிகள் மட்டும்.

வெளியூரில் இருக்கும் பூனையை எப்படிப் பார்ப்பது என்று சிலர் கேட்கலாம். வீடியோ கேளுங்கள். கொஞ்சும் வீடியோ வேண்டாம். சாப்பாட்டு நேரம், மிக்ஸி ஓடும் நேரம், யாராவது விருந்தாளி உள்ளே வரும் நேரம், இந்த மூன்றும் போதும்.

படி 5: உடம்பு

கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல் இருக்கக் கூடாது. காதுக்குள் காப்பித்தூள் போல அழுக்கு இருந்தால் பூச்சி. சிகிச்சை எளிது, ஆனால் வீட்டில் வேறு பூனை இருந்தால் அதற்கும் தொற்றும். ஆசனவாய் சுத்தமாக இருக்க வேண்டும். குட்டியின் வயிறு மட்டும் உப்பி உடம்பு மெலிந்திருந்தால் குடற்புழு.

எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நாலு வாரம் கழித்து அடுத்தது, மூன்று மாதம் ஆனபின் ரேபிஸ். அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். பூனைக்குப் பூனை பரவி நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் லுக்கேமியா வைரஸ், எஃப்.ஐ.வி. வைரஸ் இரண்டுக்கும் சில துளி ரத்தத்தில் பரிசோதனை உண்டு. வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. முன்பு உங்கள் வீட்டில் ஒரு குட்டி பான்லுக்கோபீனியா என்ற கொடிய வைரஸ் நோயால் இறந்திருந்தால், அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிக்கும். அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடிந்த, வளர்ந்த பூனைதான் வர வேண்டும்.

சென்னையில் தத்தெடுக்க புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளில் கேளுங்கள். உடம்பைக் காட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

படி 6: கூட்டி வருவது

கேரியர் வாங்கும்போது மேலே திறக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கை வாங்குங்கள். கண்ணாடிக் குமிழ் வைத்த முதுகுப்பை நம் வெயிலில் உள்ளே வெந்துவிடும். லிட்டருக்கு, அதாவது பூனை மலஜலம் கழிக்கும் தட்டில் போடும் மணலுக்கு, வாசனை சேர்க்காத பெண்டோனைட் களிமண் என் தேர்வு. பழைய இடத்தில் பயன்படுத்திய லிட்டரிலிருந்து ஒரு கைப்பிடி வாங்கி வந்து கலந்தால் பூனைக்கு உடனே புரியும். முதல் சில நாள் ஒரே ஓர் அறையில் வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எந்தப் பூனையையும் கூட்டி வராதீர்கள்.

பின்சேர்க்கை

சைவ வீட்டில் வளர்க்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். தயிர்சாதம் மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்து வந்தாக வேண்டும், அது விலங்கு உணவில்தான் இயல்பாகக் கிடைக்கும். குறைந்தால் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். வீட்டில் மீன் சமைக்க முடியாதவர்கள் முழுச் சத்துள்ள பூனைத் தீனிப் பாக்கெட் வாங்கிக் கொடுக்கலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் முயல் வளர்ப்பது பற்றி யோசியுங்கள்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டிலும் பூனை இருக்கலாம். லிட்டரை வேறொருவர் தினமும் அள்ள வேண்டும். பூனையின் மலத்தில் வரக்கூடிய, கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதனால்தான் தினமும் என்கிறேன்.

கடைசியாக, நாய் இருக்கும் வீட்டுக்குப் பூனை வரும்போது: நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனையைக் கொல்லும். பாராசிட்டமால் மாத்திரையும் அப்படித்தான், பாதி மாத்திரைகூட ஆபத்து. பூனையைக் கூட்டி வரும் முன்பே இந்த இரண்டையும் பூட்டி வைத்துவிடுங்கள்.