சொகோத்ராவில் மரக்கன்றுகள் எங்கே?

ஏமன் நாட்டுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் மேலே மடங்கிய குடை மாதிரி நிற்கும் டிராகன் ரத்த மரங்கள். இந்த மரங்களைக் காப்பாற்ற நினைக்கும்போது நாம் செய்யும் முதல் தவறு அந்தப் படத்திலேயே நடக்கிறது. மரம் நிறைய இருக்கிறது, காடு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கொஞ்சம் கீழே பாருங்கள். பெரும்பாலும் கிழட்டு மரங்கள்தான், கன்றையே காணோம்.

ஆடு தின்றுவிடுகிறது. ஆடு தொடாமல் விட இது ஆடாதோடை இல்லையே! ஆனால் பழி முழுவதையும் ஆட்டின் தலையில் போடுவதும் சரியில்லை. ஆடும் மரமும் அங்கே பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தே இருக்கின்றன. மழை பெய்த பக்கம் மந்தையை ஓட்டிப்போவது, சில இடங்களைக் கொஞ்ச காலம் மேயாமல் விடுவது என்று மேய்ப்பர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. அது தளர்ந்ததைப் பேசாமல் ஆட்டை மட்டும் திட்டி என்ன பயன்?

இதற்கு நேர் எதிரான தவறு, எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது. 2015 நவம்பரில் சபாலா, மேக் என்று இரண்டு புயல்கள் ஒரு வார இடைவெளியில் தீவைத் தாக்கின. ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அந்த இடத்தைப் பிடிக்க இளமரம் இல்லாததற்குப் புயலா காரணம்? ஆடு ஏற முடியாத செங்குத்துப் பாறைகளில் இன்றும் இளங்கன்றுகள் தென்படுகின்றன. முதியவற்றைப் புயல் சாய்க்கிறது, இளையவற்றை ஆடு தின்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அப்புறம் இன்னொரு தவறு, கன்று நட இடம் தேடும்போது மழையளவை மட்டும் பார்ப்பது. இந்த மரம் மூடுபனியையும் குடிக்கிறது. மேல்நோக்கிய இலைகளில் படியும் ஈரம் தண்டு வழியாக மண்ணுக்கு இறங்குகிறது. மரம் போனால் அந்த நீரும் மண்ணுக்குக் கிடைக்காது. பனி தங்காத தாழ்வான இடத்தில் கன்று நடுவது வீண்வேலை.

நட்டு, ஐந்து வருடம் வேலி போட்டால் போதும் என்று நினைப்பதுதான் பணத்தை அதிகம் விழுங்கும் தவறு. கன்று ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை வேலியைச் செப்பனிடப்போவது பக்கத்தில் ஆடு மேய்க்கும் குடும்பம்தான். அவர்களைக் கேட்காமல் வேலிக்கு இடம் குறிக்காதீர்கள்.