ஆத்தங்குடிக் கல் பற்றி ஒரு வீடியோ: படத்துக்கும் பாட்டுக்கும் காப்பிரைட் சிக்கல் வராமல் செய்வது எப்படி?

காரைக்குடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் 'நம்ம ஊர் பாரம்பரியம்' என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தால் வந்து விழுவது பெரும்பாலும் மூன்றுதான்: ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணச் சிமெண்டுக் கல்), கண்டாங்கிச் சேலை, ஆயிரம் ஜன்னல் வீடு. கூகிளில் நாலு படம், பின்னணிக்கு ஒரு சினிமாப் பாட்டு, முடிந்தது வேலை. வகுப்பில் காட்டும்வரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அதையே யூடியூபில் ஏற்றினால்தான் வம்பு. ஆத்தங்குடிக் கல் பற்றி மூன்று நிமிட வீடியோ எடுப்பதாக வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. அதன் 52ஆவது பிரிவு சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம் போன்றவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள இடம் கொடுக்கிறது; பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் எடுத்துப் பயன்படுத்தவும் விடுகிறது. பள்ளி நிகழ்ச்சியில் மாணவர்கள் ஒரு பாட்டைப் பாடலாம், பார்க்க வருகிறவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியைச் சேர்ந்தவர்கள் என்கிற அளவில் இருந்தால். ஊருக்கே திறந்துவிடும் யூடியூபுக்கு இந்தச் சலுகையை அப்படியே நீட்ட முடியாது. யூடியூபர்கள் அடிக்கடி சொல்லும் 'ஃபேர் யூஸ்' (அனுமதி கேட்காமலே நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்கிற விதி) அமெரிக்கச் சட்டத்தில் உள்ளது, அதை நம்பி இங்கே கணக்குப் போடாதீர்கள்.

படி 2: முடிந்த படத்தை நீங்களே எடுங்கள்

ஆத்தங்குடி பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு நடை போய்வரலாம். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கியபின் மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் கண்ணாடி தனியே வந்துவிடும், பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. இதைப் போனில் எடுத்தால் படம் உங்களுடையது, யாரும் கேள்வி கேட்க முடியாது. வேலை செய்கிறவர் முகம் தெரிந்தால் "அண்ணே, வீடியோவில் போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செட்டிநாட்டு வீட்டை வெளியிலிருந்து படம் எடுப்பதில் காப்பிரைட் பிரச்சினை கிடையாது. முகப்பைத் தாண்டி வளவுக்குள் (உள்முற்றத்துக்குள்) போவதற்கு வீட்டுக்காரர் அனுமதி வேண்டும், அது வேறு விஷயம்.

படி 3: அடுத்தவர் படம்தான் வேண்டுமென்றால்

'நன்றி: கூகிள்' என்று போடுவதில் அர்த்தமே இல்லை. கூகிள் தேடித்தான் கொடுக்கிறது, படம் எடுத்தவர் வேறொருவர். படத் தேடலில் 'டூல்ஸ்' போய் 'யூசேஜ் ரைட்ஸ்' என்பதில் கிரியேட்டிவ் காமன்ஸைத் (சுருக்கமாக 'சிசி'; சில நிபந்தனைகளோடு மற்றவர்களும் பயன்படுத்த எடுத்தவரே கொடுக்கும் உரிமம்) தேர்ந்தெடுங்கள், அல்லது இப்படிப்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் நேரே தேடுங்கள். படத்தின் கீழே உரிமம் எழுதியிருக்கும்: 'பிஒய்' என்றால் பெயர் போட வேண்டும், 'எஸ்ஏ' என்றால் அதை மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், 'என்சி' என்றால் காசு பார்க்கும் வேலைக்கு ஆகாது, 'என்டி' என்றால் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது. 'சிசி0' என்றால் எடுத்தவர் தன் உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டார், கவலையே இல்லை.

டவுன்லோடு செய்த நிமிடமே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் தேடினால் கிடைக்காது. எழுதும் விதம் இப்படி:

படம்: (தலைப்பு), எடுத்தவர்: (பெயர்), விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, பக்கத்தின் இணைப்பு.

படி 4: பாட்டு

பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். ஒரு பாட்டில் வரிகளுக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று என்று மூன்று இருக்கின்றன. பாரதியார் பாடல்களை 1949இலேயே அரசு வாங்கி, பிறகு பொதுச்சொத்தாக்கிவிட்டது, நீங்களே பாடிப் பதிவு செய்யலாம். அதற்காக ஒரு சினிமாவில் வந்த பாரதியார் பாட்டை வெட்டி ஒட்ட முடியாது. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். நம்ம சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் 1981இல் மறைந்தார், அந்தக் கணக்கில் 2041 முடியும்வரை காத்திருக்க வேண்டும். 'பத்து விநாடிதானே' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 'மீறும் நோக்கமில்லை' என்று கீழே எழுதுவதும் உங்களைக் காப்பாற்றாது.

யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை நிறைய இருக்கிறது. என்னைக் கேட்டால், வீட்டில் ஆச்சியைத் தாலாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்வதுதான் இந்த வீடியோவுக்குப் பொருந்தும். யார் எழுதியதென்றே தெரியாமல் தலைமுறையாகப் பாடிவரும் பாட்டாக இருக்கட்டும். பாடுகிறவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு, அதனால் "ஆச்சி, யூடியூபில் போடவா?" என்று கேட்டுவிட்டே போடுங்கள்.

படி 5: ஏற்றிய பிறகு

எழுதி வைத்த வரிகளை டிஸ்கிரிப்ஷனில் ஒட்டுங்கள். கண்டென்ட் ஐடி க்ளெய்ம் (வீடியோவில் அடுத்தவர் பாட்டு இருப்பதாக யூடியூப் தானாகக் கண்டுபிடித்துச் சொல்வது) வந்தால் பதற வேண்டாம், அது சேனலுக்கு விழும் ஸ்ட்ரைக் (எச்சரிக்கைத் தண்டனை) இல்லை. யூடியூப் ஸ்டூடியோவுக்குள் போய் அந்தப் பாட்டை மட்டும் நீக்கலாம், வேறு இசையை மாற்றியும் வைக்கலாம். சேனலுக்கு ஒன்றும் ஆகாது.