சீமைப் பண்டத்துக்கு இலையில் இடம் பார்க்கும் முறை

விடுமுறைக்கு ஊர் திரும்பும் உறவினரின் பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்ததும் சாக்லெட்டும் வாசனைத் திரவியமும் உடனே பங்கு பிரிந்துவிடும். அடியில் கிடக்கும் ஒன்றிரண்டு புட்டிகளை மட்டும் யாரும் சீந்துவதில்லை. 1690ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் எங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் வந்து அமர்ந்தார்கள். வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை ஆண்டார்கள். இத்தனை காலம் அண்டை வீட்டில் இருந்தும், ரொட்டியைத் தவிர அவர்கள் உண்டவற்றில் பெரும்பகுதி கடலூரில் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இன்றும் புதிராகவே இருக்கிறது.

அந்தப் புட்டிகளைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இப்பண்டம் வாழையிலையில் இருந்தால் எந்த இடத்தில் பரிமாறப்படும்? ஊறுகாயைப் போல ஓரத்தில் ஒரு துளியா, கூட்டைப் போல ஒரு கரண்டியா, சோற்றைப் போல நடுவில் குவியலா? இதைத் தீர்மானிக்காமல் வாயில் போடுபவர், ஆவக்காயை அல்வாவென்று எண்ணி அள்ளித் தின்றவரின் கதிக்கு ஆளாவார்.

எங்கள் வீட்டில் அந்தக் கதிக்கு ஆளானவர் அப்பா. லண்டனிலிருந்து வந்த தங்கை மேசைமேல் வைத்த மார்மைட் புட்டியைத் திறந்து பார்த்தவர், அதன் கரிய நிறத்தையும் பிசுபிசுப்பையும் கண்டு தீபாவளி லேகியம் என்றே முடிவு செய்து, ஒரு கரண்டி நிறைய எடுத்து நாக்கில் வைத்துவிட்டார். சிறிது நேரம் பேச்சே எழவில்லை. பிறகு, "ஏம்மா, லேகியத்துல உப்பு மூட்டையைக் கவிழ்த்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னதில் பெரிய மிகை எதுவும் இல்லை. மார்மைட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உப்புதான். பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டைக் கொண்டு 1902 முதல் இங்கிலாந்தில் தயாரிக்கப்படும் இதை, இலையின் ஓரத்தில் ஊறுகாய்க்குரிய இடத்தில்தான் வைக்க வேண்டும். சூடாக வாட்டிய ரொட்டியில் முதலில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, அது உருகத் தொடங்கியதும் கால் தேக்கரண்டிக்கும் குறைவான மார்மைட்டை, வெண்ணெயின் மஞ்சள் நிறம் வெளியே தெரியுமளவுக்கு மெலிதாக இழுத்துத் தடவுவதே முறை. ரொட்டி பழுப்பாகத் தெரிந்தால் சரி. கறுப்பாகிவிட்டால் கத்தியால் சுரண்டிவிடுங்கள். லேகியம் என்று அப்பா நினைத்ததிலும் ஓரளவு நியாயம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், மும்பையில் இரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிகளுக்கு இதே மார்மைட்டைக் கொடுத்துக் குணம் கண்டு 1931இல் அதை எழுதி வெளியிட்டார். பின்னாளில் ஃபோலிக் அமிலம் அடையாளம் காணப்பட்டதற்கு அந்த ஆய்வே வழிவகுத்தது.

வூஸ்டர் சாஸுக்கும் இலையின் ஓரமே இடம். அதன் சேர்மானத்தைப் படித்தால் கடலூர் முதுநகர்க்காரர் எவரும் அதை உறவினராகவே ஏற்றுக்கொள்வார்: புளி, பூண்டு, வெங்காயம், வினிகர், அவற்றோடு உப்பில் ஊறிய நெத்திலி. பாலாடைக்கட்டி வைத்து வாட்டிய ரொட்டியின்மேல் நான்கு சொட்டு விட்டால் போதும். சைவ உணவினர் இதை அறியாமல் தொட்டுவிடக் கூடாது என்பதால், இங்கேயே பொட்டலத்தைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கட்டாயமாக இருக்கும் பச்சைப் புள்ளி அங்கே கட்டாயம் கிடையாது. ஆகவே பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலை முழுவதும் வாசிக்க வேண்டும். ஜெல்லியில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். கிறிஸ்துமஸ் காலத்து மின்ஸ் பையில் பெயரைத் தவிர இறைச்சி இல்லை, உலர்ந்த பழங்கள்தான். ஆயினும் பழைய முறைப்படி செய்ததில் மாட்டுக் கொழுப்பு சேரும். மார்மைட்டின் உடன்பிறப்புப் போலத் தோன்றும் போவ்ரில் புட்டியில் இருப்பது மாட்டிறைச்சிச் சாறு. பெரியவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள்.

புட்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் பாயசத்துக்குத் தயாராகிவிடுவது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. யார்க்‌ஷயர் புட்டிங்கில் இனிப்பே கிடையாது. மாவும் முட்டையும் பாலும் கரைத்து, கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி ஓவனில் உப்ப வைப்பது அது, ஓரம் உயர்ந்து நடுவில் குழிந்து ஆப்பத்துக்குத் தூரத்துச் சொந்தமாக நிற்கும். ஆப்பத்துக்குப் பாயா போல, அந்தக் குழியில் இறைச்சிச் சாற்றை ஊற்றிச் சாப்பிட வேண்டும். பிளாக் புட்டிங் என்பது பன்றி இரத்தத்தில் ஓட்ஸோ பார்லியோ சேர்த்த தொத்திறைச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டு இரத்தப் பொரியல் கேட்டு வாங்கும் வீட்டார் அதைக் கண்டு முகம் சுளிக்க உரிமையற்றவர்கள். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்துச் செய்யும் ஸ்காட்லாந்துப் பண்டமான ஹாகிஸுக்கும் இதே விதி. ஆட்டுக் குடலும் ஈரலும் தின்பவர்களுக்கு அது அந்நியமாகாது.

நாறும் பாலாடைக்கட்டியைப் பொறுத்தவரை நான் சற்றுக் கண்டிப்பானவன். நீல நரம்போடிய ஸ்டில்டனையோ ரோக்ஃபோரையோ குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நொடியில் கடித்துவிட்டுக் குறை சொல்வது, குளிர்ந்துபோன கருவாட்டுக் குழம்பைக் கொண்டு சமைத்தவரை எடைபோடுவதற்கு ஒப்பாகும். அரைமணி நேரமாவது வெளியே இருக்கட்டும். ஆனால் சித்திரை வெயிலில் அதற்கு மேல் வேண்டாம், வழிந்துவிடும். பட்டாணி அளவு எடுத்து, ரொட்டித் துண்டின்மேல் ஒரு சொட்டுத் தேனோடு வைத்து உண்ணுங்கள். உப்புக்கும் காரத்துக்கும் தேன் அணை கட்டும். பிரெஞ்சு வழக்கமுள்ள புதுச்சேரி வீடுகளில் சாப்பாட்டுக்குப் பின், இனிப்புக்கு முன் இது வரும். முதன்முறை சுவைப்பவர்கள் ஆரோவில்லில் செய்யப்படும் மிதமான வகைகளில் தொடங்கிவிட்டு மெல்ல நீலத்துக்குப் போவது நல்லது.

கறுப்பு மிட்டாய் ஏதேனும் பெட்டியில் இருந்தால், அது பெரும்பாலும் நாட்டு மருந்துக் கடை அதிமதுரம்தான். தொண்டைக்கு நல்லது என்று சொல்லிப் பாட்டிக்குக் கொடுத்துவிடலாம். பின்லாந்திலிருந்து வந்ததென்றால் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் நவச்சாரம் சேர்ப்பார்கள், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பயன்படுத்துகிறாரே, அதே நவச்சாரம். நான் ஒன்றைத் தின்றேன். இரண்டாவதைத் தின்னும் எண்ணம் இல்லை.

ஆங்கிலேயர் நாட்டுக்கே போயிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட இங்கிலாந்தில் ஒருவர் மாலை 'டீ'க்கு அழைத்தால் அது பல வீடுகளில் இராச்சாப்பாட்டையே குறிக்கும்; பஜ்ஜியும் தேநீரும் என்றெண்ணி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். உணவகத்தில் மல்லிகடானி என்ற சூப்பைக் கண்டு நம் மிளகுத்தண்ணீர் என்று மகிழ்ந்து வரவழைத்தால், பெயர் நம்முடையதுதான், கிண்ணத்திலோ இறைச்சியும் ஆப்பிளும் மிதக்கக்கூடும்.

விருந்தாளி அங்கிருந்து இங்கே வரும்போது, இதே பாடத்தைத் திருப்பிச் சொல்லும் கடமை நமக்கு வருகிறது. கறிவேப்பிலையையும் கிராம்பையும் ஒதுக்கலாம் என்பதையும், மோர்மிளகாய் கடித்துக்கொள்ள மட்டுமே என்பதையும் இலை போடும்போதே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக முருங்கைக்காயைச் சொல்லுங்கள். தங்கையின் கணவர் முதல் நாள் சாம்பாரில் கிடந்த ஐந்து துண்டுகளையும் நாரோடு மென்று, மரியாதை கருதி விழுங்கியே விட்டார். இலையில் சக்கை இல்லாததைப் பார்த்த அம்மா, மாப்பிள்ளைக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்று இன்னும் மூன்று துண்டுகளைப் போட்டார்.