முடி நீக்கும் முறைகளை ஒப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேண்டாத முடியை நீக்க எந்த முறை நல்லது என்று கேட்பவர்கள், எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் தாங்கும் என்ற இரண்டு விவரங்களை வைத்தே பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் அந்த முறை முடியை எந்த இடத்தில் நீக்குகிறது என்பதை அவற்றுக்கு முன்பே கேட்டாக வேண்டும். சவரமும் முடி நீக்கும் கிரீமும் தோலுக்கு வெளியே தெரியும் முடியை மட்டுமே நீக்குகின்றன. வாக்சிங், த்ரெடிங், எபிலேட்டர், ட்வீசர் ஆகியவை முடியை வேரோடு பிடுங்கினாலும் அது முளைக்கும் மயிர்க்காலை அப்படியே விட்டுவிடுகின்றன. லேசரும் மின்னூசி முறையான எலக்ட்ராலிசிஸும் அந்த மயிர்க்காலையே சிதைக்க முயல்கின்றன. இந்த மூன்று வகைகளையும் குழப்பிக்கொண்டு, ஒன்றுக்கான விதியை இன்னொன்றின் மேல் ஏற்றுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

சவரம் செய்தால் முடி அடர்த்தியாகவும் முரடாகவும் வளரும் என்ற நம்பிக்கை அவற்றில் முதலாவது. ரேஸரின் கூர்முனை மயிர்க்காலைத் தொடுவதே இல்லை என்பதால், முடியின் தடிமனையோ எண்ணிக்கையையோ அதனால் மாற்ற முடியாது. அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரட் டிராட்டர் 1928-லேயே சவரம் செய்த முடியை அளந்து பார்த்து, அதன் தடிமனோ வளரும் வேகமோ கூடவில்லை என்று எழுதிவிட்டார். இயல்பாக வளரும் முடி நுனியில் மெலிந்து முடிவதாலும், வெட்டப்பட்ட முடியின் நுனி தட்டையாக இருப்பதாலும், மூன்றாம் நாள் தடவிப் பார்க்கும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்த நம்பிக்கையால் வரும் கேட்டை நான் சிறியதாக நினைக்கவில்லை. எளிதான, செலவு குறைந்த, தோலுக்குப் பெரிய தீங்கு செய்யாத முறையை ஒதுக்கிவிட்டு, பதினைந்து வயதுப் பெண்ணைத் தோல் எரியும் கிரீமுக்கும் சூடான மெழுகுக்கும் அனுப்பிவைப்பது இந்த நம்பிக்கைதான்.

சவரத்தில் உண்மையாகவே கவனிக்க வேண்டியவை வேறு. குளித்து முடித்த பின், முடி நீரில் ஊறி மென்மையாகியிருக்கும்போது, ஜெல்லோ நுரையோ பூசி, முடி சாயும் திசையிலேயே ரேஸரை இழுக்க வேண்டும். உலர்ந்த தோலில் எதிர்த்திசையில் இழுத்து, ஒரே இடத்தில் நான்கைந்து முறை ஓட்டுவதால்தான் வெட்டுப்பட்ட முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து, சீழ்க்கொப்புளமாகவும் பிறகு கரும்புள்ளியாகவும் மாறுகிறது. முடி சுருண்டு வளரும் இடங்களான தாடை, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றில் இது அதிகம். மழுங்கிய பிளேடைத் தொடர்ந்து பயன்படுத்துவதும், ஒரே ரேஸரைக் குடும்பத்தில் இருவர் மூவர் பகிர்ந்துகொள்வதும் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முதல்நாள் வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு போகும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ரேஸர் ஏற்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமித் தொற்றுக்கு வழி திறக்கின்றன. அதனால்தான் அறுவைக்கு முன் முடியை நீக்காமல் விடலாம், தவிர்க்கவே முடியாதபோது கிளிப்பரால் மட்டும் வெட்டலாம், ரேஸர் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வழிகாட்டியது.

கிரீமைப் பற்றிய தவறு, அது வேரிலிருந்து நீக்குகிறது என்று எண்ணுவதும், மென்மையான முறை என்று எண்ணுவதும்தான். அதிலுள்ள தயோகிளைகோலேட் உப்புகள், முடியின் கெரட்டின் புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, முடியைக் கூழாக்கிவிடுகின்றன. தோலின் மேலடுக்கும் அதே கெரட்டினால் ஆனது என்பதே இங்குள்ள சிக்கல். இந்த வேதிவினைக்காகக் கிரீமின் காரத்தன்மையை ஏறத்தாழ பிஎச் 12 அளவுக்கு வைத்திருக்கிறார்கள். நம் தோலோ பிஎச் 5-ஐ ஒட்டிய இலேசான அமிலத்தன்மை உடையது. ஆகவே உறையில் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கக் கூடாது. முடி போகவில்லை என்று அதே இடத்தில் உடனே மறுபடி பூசுவதும், முந்தைய நாள் சவரம் செய்த இடத்திலோ புண்ணின் மேலோ பூசுவதும், கால்களுக்கான கிரீமை மேலுதட்டிலோ பிறப்புறுப்பை ஒட்டியோ பூசுவதும் வேதித் தீப்புண்ணில் முடியக்கூடும். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்து, 24 மணி நேரம் பொறுத்திருந்து, சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மட்டும் தொடர வேண்டும்.

வாக்சிங்கைப் பொறுத்தவரை பலர் கவனிக்கும் ஒன்று வலி. அதைவிடப் பெரிய கேள்வி, முகத்தில் என்ன கிரீம் பூசி வருகிறீர்கள் என்பது. பருவுக்குத் தரும் டிரெட்டினாயின், அடாபலின் போன்றவை தோலின் மேலடுக்கை மெலிதாக்கிவிடுவதால், மெழுகுத் துணியை இழுக்கும்போது முடியோடு தோலும் உரிந்து வந்துவிடும். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை எந்த இடத்திலும் வாக்சிங் செய்துகொள்ளக் கூடாது. இதில் மறைந்திருக்கும் இன்னோர் ஆபத்து, நிறம் கூட்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள். மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கிப் பல மாதங்கள் முகத்தில் பூசப்படும் இவை, தோலை மெலியச் செய்வதோடு நில்லாமல் கன்னத்திலும் தாடையிலும் முடியையும் வளரச் செய்கின்றன. முடி வந்ததே அந்தக் கிரீமால் என்று அறியாமல், அதே கிரீமைப் பூசிக்கொண்டே முடியை நீக்க வழி தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

முடி ஓர் அரிசி நீளமாவது வளர்ந்த பிறகே மெழுகு அதைப் பற்றிக்கொள்ளும். அதற்கு முன் அவசரப்பட்டால் முடி பாதியில் ஒடிந்து உள்நோக்கி வளரும். பார்லரில், ஒருவர் உடலில் தடவிய கரண்டியை மறுபடி அதே மெழுகுச் சட்டியில் தோய்க்கிறார்களா என்று பார்ப்பது நம் உரிமை. த்ரெடிங் செய்பவர் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுப்பதைப் பல இடங்களில் காணலாம். எச்சில் பட்ட நூல் தோலில் உராய்வதை ஏற்க வேண்டியதில்லை, கழுத்தில் மாட்டி இழுக்கச் சொல்லலாம். முகத்தில் மருக்கள் இருந்தால் அவை குணமாகும்வரை த்ரெடிங் வேண்டாம், ஏனெனில் மருவை உண்டாக்கும் வைரஸ் நூல் போகும் வழியிலெல்லாம் பரவி, வரிசையாகப் புதிய மருக்கள் கிளம்பும்.

கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, பயத்தம் மாவு சேர்த்த குளியல் பொடிகள் நம் வீடுகளில் நெடுநாளாக உள்ளவை, குளிப்பதற்கு நல்லவையே. ஆனால் முளைத்துவிட்ட முரட்டு முடியை உதிர்க்கும் வலிமை அவற்றுக்கு உண்டு என்று நம்பி, தோல் சிவக்கத் தேய்ப்பது தவறு. முடி போக வேண்டுமென்று சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுவது அதனினும் பெரிய தவறு, ஏனெனில் அது தோலைப் புண்ணாக்கிவிடும். கைக்குழந்தையின் முதுகிலும் நெற்றியிலும் உள்ள பூனைமுடியைப் போக்க மாவு உருண்டையை உருட்டித் தேய்க்கும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் அந்த மென்முடி சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகவே உதிர்ந்துவிடும். தேய்ப்பதால் கிடைப்பது குழந்தையின் அழுகையும் தோல் சிராய்ப்பும்தான்.

அதிகப் பணமும் அதிக ஏமாற்றமும் சேர்ந்திருக்கும் இடம் லேசர். அது செயல்படும் விதத்தை அறிந்துகொண்டால் பாதித் தவறுகள் நீங்கும். முடியின் கருநிறமான மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூடு மயிர்க்காலைச் சிதைப்பதே லேசரின் அடிப்படை. வெள்ளை முடியிலும் செம்பட்டையான மென்முடியிலும் மெலனின் போதிய அளவு இல்லாததால் அங்கே லேசர் பயன் தருவதில்லை. அதேபோல், நம் தோலிலும் மெலனின் நிறைய இருப்பதால், முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொண்டு வெந்துபோகும் அபாயம் உண்டு. வெளிர்நிறத்திலிருந்து கருநிறம் வரை தோலை ஆறாகப் பிரிக்கும், தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் பெயரால் வழங்கும் வகைப்பாட்டில் தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளில் வருவோம். வெளிர்நிறத் தோலுக்கு நன்றாகப் பயன்படும் 755 நானோமீட்டர் அலைநீள அலெக்சாண்டிரைட் லேசரை அப்படியே கருநிறத் தோலில் பயன்படுத்தினால் கரும்பட்டைகளோ வெண்பட்டைகளோ மிஞ்சலாம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் தோலின் மேலடுக்கை அதிகம் சூடாக்காமல் ஆழத்துக்குச் செல்வதால் நமக்கு அதுவே மிகப் பாதுகாப்பானது. தகுந்த குளிரூட்டலுடன் டயோடு லேசரும் பயன்படுகிறது. எனவே எந்தக் கட்டணச் சலுகை உள்ளது என்பதற்கு முன், எந்த லேசர், யார் இயக்குவார், அருகில் தோல் மருத்துவர் இருப்பாரா என்று கேட்க வேண்டும். இணையத்தில் வாங்கும், லேசருக்குப் பதிலாகப் பல அலைநீள ஒளித்துடிப்பைப் பாய்ச்சும் ஐபிஎல் கருவிகளில் பல கருநிறத் தோலுக்கு உகந்தவை அல்ல என்று உறையிலேயே நிறப் பட்டியல் அச்சிட்டிருக்கும்; அதைப் பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

லேசருக்கு முன் வாக்சிங்கோ த்ரெடிங்கோ செய்துகொண்டு போவது, வகைகளைக் குழப்பிக்கொள்வதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒளி பற்றிக்கொள்ள வேண்டிய வேர் பிடுங்கப்பட்டுவிட்டால் அந்த அமர்வு வீண். சிகிச்சைக் காலம் முழுவதும், தொடங்குவதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே, சவரம் மட்டுமே செய்ய வேண்டும். வளரும் பருவத்தில் உள்ள முடியை மட்டுமே லேசர் அழிக்கும் என்பதாலும், எந்த நேரத்திலும் ஒரு பகுதி முடிகள் ஓய்வுப் பருவத்தில் இருக்கும் என்பதாலும், நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு அல்லது எட்டு அமர்வுகள் தேவைப்படும். அதன் பிறகும் கிடைப்பது நிலையான குறைவுதானே தவிர, ஒரு முடியும் இல்லாத நிலை அல்ல. ‘நிரந்தர நீக்கம்’ என்று விளம்பரம் செய்பவரிடம் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கன்னத்தில் உள்ள பூனைமுடிக்கு லேசர் செய்துகொள்வதை நான் அழுத்தமாகவே எதிர்ப்பேன். கருநிறத் தோலும் ஹார்மோன் கோளாறும் உள்ள பெண்களில் சிலருக்கு, சிகிச்சை செய்த இடத்தின் ஓரங்களில், குறிப்பாகத் தாடைக்கும் கழுத்துக்கும் இடையில், முன்பு இல்லாத முரட்டு முடி புதிதாக வளர்வது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு. வலிக்கு அஞ்சி மரத்துப்போகும் கிரீமைத் தாங்களாகவே உடல் முழுவதும் பூசிக்கொள்வதும் கூடாது. அப்படிக் கால்களில் பூசி பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்ததை அடுத்து, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2007-ல் எச்சரிக்கை வெளியிட்டது.

தாடையில் வெள்ளை முடி உள்ளவர்களுக்கு எலக்ட்ராலிசிஸ் பொருந்தும். 1875-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிச்செல், கண்ணுக்குள் வளரும் இமைமுடியை அகற்றக் கையாண்ட இந்த முறையில், ஒவ்வொரு மயிர்க்காலிலும் நுண்ணிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சுவதால் முடியின் நிறம் பொருட்டாவதில்லை. ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டியிருப்பதால் கால் முழுவதற்கும் இது ஒத்துவராது. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் இதற்கும் லேசருக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முறைகளை ஒப்பிடும் அவசரத்தில் முடி ஏன் வளர்கிறது என்று கேட்காமல் விடுவது, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவதோடு தாடை, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் முரட்டு முடி வளர்ந்தால், சினைப்பை நீர்க்கட்டி நோயான பிசிஓஎஸ் காரணமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை எடுக்காமல் லேசர் அமர்வுகளுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருந்தால், புதிய மயிர்க்கால்கள் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். மருந்து தொடங்கினாலும் முடியில் மாற்றம் தெரிய ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும் என்பதால், ஒரே மாதத்தில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. சில மாதங்களுக்குள் திடீரென முடி பெருகி, குரலும் தடித்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ உள்ள கட்டியின் அறிகுறியாக இருக்கக்கூடும். அப்படிப் பார்க்கப் போகும்போது, வெட்கப்பட்டுக்கொண்டு முதல்நாளே எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் போகிறார்கள். உடலின் ஒன்பது இடங்களில் உள்ள முடியைப் பார்த்து மதிப்பெண் இட்டே மருத்துவர் அளவிடுவார் என்பதால், சில வாரங்கள் எதையும் நீக்காமல், இயலாவிட்டால் எந்த இடத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நீக்குகிறோம் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும்.