கொடைக்கானலிலிருந்து பவளப்பாறைக்கு: திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

ராமேஸ்வரம் பக்கம் ஸ்கூபா டைவிங் போக நினைக்கும் மலைக்காரர்கள், படகுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே திரும்பி ஏறும் நேரத்தை முடிவு செய்துவிட வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்திருக்கும், மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் மலை ஏறினால், மூடி திறந்த சோடா மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழ் விடும். டைவ் முடிந்ததும் விமானம் ஏறக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். காட் ரோடும் அதே கணக்குதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் என்பது விமானத்துக்கான பொது வழிகாட்டுதல். மலைக்கு 24 என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மூழ்கிவிட்டு அன்று மாலையே வத்தலக்குண்டு தாண்டி ஏறுவது வேண்டாம். இரவு மதுரையில் தங்குங்கள். ஏறும்போது மூட்டு வலி, மரத்துப்போதல், தோல் அரிப்பு, தலைசுற்றல் வந்தால் வண்டியைத் திருப்பிக் கீழே இறங்குங்கள். 108-ஐ அழைத்து, டைவ் செய்த விவரத்தைச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.

சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மூக்கடைப்பு மாத்திரையின் வேகம் ஆழத்தில் இருக்கும்போது தீர்ந்தால், மேலே வரும்போது காதிலும் சைனஸிலும் காற்று சிக்கிக்கொள்ளும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. வளைவுகளில் வாந்தி வருகிறவர்களுக்குப் படகிலும் வரும். அவோமின் மாதிரி மாத்திரைகள் தூக்கம் தரும் என்பதால், டைவ் நாளன்று முதல்முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள், 1986-இல் அறிவிக்கப்பட்டது. போகும் இடம் பூங்காவுக்குள் வருமா, வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேளுங்கள். நங்கூரத்தை மணலில் போட வேண்டும், அல்லது படகை மிதவையில் கட்ட வேண்டும். பவளத்தின் மேல் நங்கூரம் போடுகிறவர் படகில் ஏறாதீர்கள்.

டைவ் செய்கிறவர்களால் பவளம் உடைவதற்கு, மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடை கூடிப்போவதும் ஒரு காரணம். எடை அதிகம் கட்டியவர் கீழே உட்கார்ந்து, காலில் மாட்டிய துடுப்பால் மிதிப்பார். காற்றடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்றில்லாமல், சாதாரண மூச்சை அடக்கி நீர்மட்டத்தில் நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். முழு சிலிண்டரோடு சோதித்தால், அது காலியாகும்போது எடை குறையும் என்பதால் சுமார் 2 கிலோ மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். காது வலிக்கும் முன்பே, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒருபோதும் மேலேறாதீர்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று, சிலிண்டரில் 50 பார் காற்றழுத்தம் மிச்சமிருக்கும்போதே படகில் ஏறிவிடுங்கள்.

சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போதும். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையும் எடுக்காதீர்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பையில் வைத்திருந்தாலே வழக்கு வரும்.