வலி குறைக்க உடலில் வைத்த கருவி பயனற்றுப் போனால்

முதுகுத்தண்டில் பொருத்திய மின்தூண்டிக் கருவி வலியைக் குறைக்காமல் போனால், அது ஏன் என்பதை முதலில் கண்டறிய வேண்டும். பேட்டரி தீர்ந்திருக்கலாம், மின்கம்பி நகர்ந்தோ முறிந்தோ இருக்கலாம், கருவி சரியாக இயங்கியும் நரம்புகள் அதற்குப் பழகிப்போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, கருவியின் மின்தூண்டல் செட்டிங்கையும் மாற்றிப் பார்க்கும் முன்னர் இன்னொரு அறுவைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால், கருவி வைத்த இடத்தில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, மறுநாள் ஓ.பி. சீட்டுக்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழைத்து, சென்னை ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மின்தூண்டிக்குப் பதில், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தை முதுகுத்தண்டுக்குள் செலுத்தும் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு, அது திடீரென நின்றால் உயிருக்கே ஆபத்து. தசை இறுக்கமும் மனக்குழப்பமும் அதன் அறிகுறிகள்.

நின்றுபோன கருவியும் உடலுக்குள்தான் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிசியோதெரபியில் டயதெர்மி என்னும் வெப்ப சிகிச்சை தரப்பட்டால் மின்கம்பியின் முனை சூடேறி நரம்பைக் கருக்கக்கூடும். கருவியை அணைத்து வைத்திருந்தாலும் இந்த ஆபத்து நீங்காது. ஆகவே கருவியின் விவரம் உள்ள அடையாள அட்டையை எப்போதும் உடன் வைத்திருந்து, எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்பும் காட்டுங்கள்.

அன்றாட வாழ்வில் வேலையை வலியைக் கொண்டு அளக்காமல் கடிகாரத்தைக் கொண்டு அளப்பது நல்லது. தண்டையார்பேட்டையில் தண்ணீர் லாரி வரும் காலையில், வலி சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று எல்லாக் குடங்களையும் தூக்கிவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பவர்களை எனக்குத் தெரியும். இருபது நிமிடத்தில் வலி ஏறுமென்றால் பதினைந்தாவது நிமிடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள்; குடத்துக்குப் பதில் சிறு வாளியில் பாதி நிரப்புங்கள்; வலி குறைந்த நாளிலும் அதே அளவோடு நிறுத்திக்கொண்டு, சில வாரங்கள் கழித்துச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

பயணத்துக்கு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குலுங்கும் பேருந்தைவிட, 2021 முதல் விம்கோ நகர் வரை ஓடும் மெட்ரோ உடலுக்கு இதமானது. வெளியே செல்ல இயலாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி பற்றி அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் என்னும் வலி மாத்திரையை வாங்கித் தொடர்ந்து விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: "இவ்வளவு செலவு செய்து மெஷின் வைத்தும் வலிக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இன்று உங்கள் வேலையில் எதை நான் எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேளுங்கள்.