ஒரு சோறும் ஊர் விருந்தும்: கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஜனவரி முதல் தேதி எடைக் குறைப்பில் இறங்கினேன். முதல் நாள் 72 கிலோ. சோற்றையும் சர்க்கரையையும் நிறுத்தி ஏழாம் நாள் காலை எடைக்கருவியில் ஏறி நின்றால் 70. சந்தோஷம் தாங்கவில்லை. எக்செல்லைத் திறந்து இரண்டு எண்களையும் தட்டிக் கோட்டை இழுத்துவிட்டேன். பத்தாவது வாரம் 52 கிலோ. இருபதாவது வாரம் 32, கிட்டத்தட்ட என் பையனின் எடை. முப்பத்தாறாவது வாரம் பூஜ்ஜியம். அதாவது பிள்ளையார் சதுர்த்தி வாக்கில் கொழுக்கட்டை இருக்கும், சாப்பிட நான் இருக்க மாட்டேன். அதற்கடுத்த வாரம் மைனஸ் 2 கிலோ என்றும் எக்செல் கூசாமல் சொன்னது.

இரண்டாம் வாரக் கடைசியில் எடை 69.8. கோடு அங்கேயே படுத்துவிட்டது.

காரணம் ரொம்பச் சாதாரணம். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன், ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் முதலில் வெளியேறுவது அதுதான். நான் கொழுப்பு என்று கொண்டாடியதில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் வடிந்த வேகத்திலேயே கொழுப்பும் கரையும் என்று கோடு போட்டது என் தப்பு.

இந்த வேலைக்குக் கணக்குப் பாடத்தில் புறச்செருகல் என்று பெயர். கையில் இருக்கும் விவரங்களுக்கு நடுவே ஒரு மதிப்பைக் கண்டுபிடித்தால் இடைச்செருகல். விவரங்களுக்கு வெளியே போய்ச் சொன்னால் புறச்செருகல். (பழைய நூல்களில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த பாட்டையும் இடைச்செருகல் என்றுதான் சொல்வோம். கணக்கில் அது நல்ல பிள்ளை, இலக்கியத்தில் திருடன்.) இரண்டிலும் தவறு வரலாம். ஆனால் இடைச்செருகலில் இருபக்கமும் பிடிமானம் உண்டு. புறச்செருகலில் ஒரு பக்கம் வெட்டவெளி.

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்று நம்மவர்களே சொல்லியிருக்கிறார்களே என்று கேட்கலாம். பழமொழியில் பிழையே இல்லை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, நடுவில் கரண்டி போட்டுக் கிளறியும் விட்டாயிற்று. அதனால்தான் ஒரு பருக்கை மொத்தப் பானைக்கும் சாட்சி சொல்கிறது. நாம் செய்கிற தவறு, அந்தப் பருக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பானைக்கும் நாளைய உலைக்கும் தீர்ப்புச் சொல்வது. பதினைந்து நிமிடத்தில் இவ்வளவு மிருதுவாக வெந்திருக்கிறதே, இன்னும் அரை மணி விட்டால் மூன்று மடங்கு மிருதுவாகும் என்று எவரும் அடுப்பை எரியவிடுவதில்லை. கஞ்சியாகிவிடும் என்று தெரியும். சமையலறையில் இருக்கும் இந்தப் புத்தி டிவி முன்னால் உட்கார்ந்ததும் காணாமல் போகிறது.

கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் பந்து பவுண்டரி. “இதே வேகத்தில் போனால்” 120 பந்தில் 480. சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் சேப்பாக்கத்தில் 2008 மார்ச்சில் நடந்த டெஸ்டில் மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்தபோது எங்களில் யாரும் சிரிக்கவில்லை, உள்ளபடியே நம்பினோம். தென்னாப்பிரிக்கா முதலில் 540 அடித்திருந்தது. சேவாக் அன்று காலை 52-இல் தொடங்கி மாலை 309 நாட் அவுட்டாகத் திரும்பினார். ஒரே நாளில் 257. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 468. நாளைக்கும் அதே 257 அடித்தால் 566. டெஸ்டில் ஒருவர் ஒரே இன்னிங்ஸில் எடுத்த அதிகபட்சமான லாராவின் 400 மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் காலி. விடாப்பிடியான ஒரு நண்பன் இன்னொரு கணக்குப் போட்டான்: ஒரு விக்கெட்டுக்கு 468 என்றால், பத்து விக்கெட்டுக்கு 4,680!

மறுநாள் சேவாக் சேர்த்தது பத்து ரன். 319-இல் அவுட். அடுத்து வந்த சச்சின் பூஜ்ஜியம். மிச்சம் ஒன்பது விக்கெட்டும் 159 ரன்னில் போய், மொத்தம் 627 ஆல் அவுட். நண்பனின் கணக்கில் எண்கள் சரி, பெருக்கலும் சரி. சேவாக்கும் ஒரு விக்கெட், பதினோராவது ஆட்டக்காரரும் ஒரு விக்கெட் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. அது கிளறாத பானை. மேலே இருக்கும் பருக்கைக்கும் அடியில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்களை விடுங்கள், டீக்கடை வாசலில் நின்றவர்கள். 2004-இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்றவர்களின் நேரத்தை ஆண்களுக்கு ஒரு நேர்கோடு, பெண்களுக்கு ஒரு நேர்கோடு என்று போட்டுப் பார்த்தார்கள். பெண்களின் கோடு சரிவு அதிகம். இரண்டும் 2156-இல் வெட்டிக்கொள்ளும். அந்த ஒலிம்பிக்கில் பெண்கள் 8.079 வினாடி, ஆண்கள் 8.098 வினாடி என்று மூன்று தசம இடத்துக்குச் சொல்லியிருந்தார்கள். 150 வருஷம் கழித்து நடக்கப்போவதற்கு மூன்று தசமம்! இதைக் கண்டதும் எனக்கு ஜாதகத்தில் நாழிகை, விநாழிகை வரை குறித்துத் தருகிறவர்கள் நினைவுதான் வந்தது. தெரியாத விஷயத்துக்குத் தசமத்தைக் கூட்டினால் நம்பகம் கூடிவிடாது.

அதே இதழுக்கு ஒருவர் பதில் எழுதினார்: இதே கோட்டை இன்னும் கொஞ்சம் இழுங்கள், 2636 வாக்கில் ஓட்டப்பந்தயம் பூஜ்ஜியம் வினாடிக்கும் கீழே போய்விடும். துப்பாக்கி வெடிக்கும் முன்பே பரிசளிப்பு விழா முடிந்திருக்கும். ஒரு கணிப்பைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கோட்டைக் கூசாமல் இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எடை பூஜ்ஜியமாகிறதா, நேரம் மைனஸ் ஆகிறதா, கோடு எங்கேயோ பொய் சொல்கிறது.

பெண்களின் கோடு அவ்வளவு சரிந்ததற்கும் காரணம் உண்டு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 100 மீட்டர் வந்ததே 1928-இல்தான். அன்று வென்ற நேரம் 12.2. புதிதாகக் கதவு திறந்த துறையில் முதலில் வேகமாகத்தான் முன்னேற்றம் வரும். அப்புறம் உடம்பின் எல்லை குறுக்கே நிற்கும். பெண்களின் உலக சாதனை 10.49, கிரிஃபித் ஜாய்னர் 1988-இல் ஓடியது. அதன் பிறகு எத்தனையோ ஒலிம்பிக் வந்துபோயும் அதை எவரும் தொடவில்லை. 2021-இல் 10.61-க்கு வென்றார்கள், 2024-இல் 10.72-க்கு.

நேர்கோடாவது பரவாயில்லை, இரட்டிப்பு இன்னும் ஆபத்து. வீட்டிலேயே இட்லிப்பொடி அரைத்து வாட்ஸ்அப்பில் விற்கத் தொடங்கிய நண்பன் ஒருவன் இரண்டாம் நாள் போன் பண்ணினான். “மச்சி, நூறு பர்சென்ட் குரோத்டா!” முதல் நாள் ஒரு பாக்கெட் போயிருக்கிறது, அவன் அம்மா வாங்கியது. மறுநாள் இரண்டு, அம்மாவும் அத்தையும். தினமும் இதேபோல் இரட்டித்தால் முப்பதாம் நாள் 53 கோடியே 68 லட்சம் பாக்கெட்டுக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. பால்குடி மறவாத குழந்தை உட்பட ஆளுக்கு ஏழு பாக்கெட், ஒரே நாளில். அடிப்படை எண் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்போது சதவீதம் பேசாதீர்கள். ஒன்று இரண்டானது, அவ்வளவுதான் செய்தி.

“நீங்கள் ஆறு பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள்” என்று கோட்டு சூட்டோடு வந்து பலகையில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்களே, அதுவும் இந்த ரகம்தான். பதின்மூன்றாவது அடுக்கில் 1,306 கோடிப் பேர் தேவை. உலகத்தில் அவ்வளவு பேர் இல்லை. பொடி விற்றவனுக்கு நஷ்டம் நாலு கிலோ உளுந்தோடு போயிற்று. இதில் சேர்ந்தவர்கள் நகையை அடகு வைத்தார்கள்.

விவரம் நிறைய இருந்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1960-இல் ஹைன்ஸ் வான் ஃபெர்ஸ்டர் என்ற விஞ்ஞானியும் அவருடன் இருவரும் சுமார் ஈராயிரம் ஆண்டு உலக மக்கள்தொகைக்கு ஒரு சமன்பாடு பொருத்தி, ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். வளைவு அச்சாகப் பொருந்தியது. அதன்படி மக்கள்தொகை முடிவிலியைத் தொடும் நாள் 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. மேல்நாட்டில் பதின்மூன்றாம் தேதி வெள்ளி சகுனம் சரியில்லாத நாள். போதாததற்கு அது வான் ஃபெர்ஸ்டரின் 115-வது பிறந்தநாளும்கூட. பாதி குறும்பு, பாதி எச்சரிக்கை. ஆனால் அந்த அறுபதுகளிலேயே வளர்ச்சி விகிதம் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. ஐ.நா. கணக்கில் 800 கோடியை எட்டியது 2022 நவம்பர் 15-இல்; வளர்ச்சி இப்போது ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஈராயிரம் ஆண்டு விவரத்தில் கருத்தடை மாத்திரை கிடையாது. நம் ஊர்ச் சுவர்களில் சிவப்பு முக்கோணத்தோடு எழுதியிருந்த “நாம் இருவர், நமக்கு இருவர்” கிடையாது.

சமன்பாடு கடந்த காலத்தோடு கச்சிதமாகப் பொருந்தினால் ஜாக்கிரதை. 2020 மே மாதம் வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர்கள் கோவிட் சாவுகளுக்கு ஒரு முப்படி வளைவை (மூன்றாம் அடுக்கு வரை போகும் சமன்பாட்டின் வளைவு) பொருத்தி வெளியிட்டார்கள். அது அந்த மாத நடுவிலேயே கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. அமெரிக்காவில் இரண்டு ஆண்டில் சாவு பத்து லட்சத்தைத் தாண்டியது. இதை வைத்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இப்போது கோடு போடுவதை விட்டுவிடவில்லை. போடும் முன் இந்த எண் ஏன் நகர்கிறது என்று ஒரு வரி எழுதிப் பார்க்கிறேன். எழுத வரவில்லை என்றால் அடுத்த வாரத்துக்கு மேல் இழுப்பதில்லை.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. நானும் இருந்தேன், 67 கிலோவில். ஏழு கொழுக்கட்டை சாப்பிட்டேன். மறுநாள் காலை 67.6. எக்செல்லில் ஏற்றவில்லை.